நத்தை, சாட்டை, கல்: பாடநூலில் இருந்த இரண்டு கேலிச்சித்திரங்கள்



நகைச்சுவை யாரையும் புண்படுத்தக் கூடாது என்று ஒரு சாராரும், இக்காலத்தில் எதைச் சொன்னாலும் மனிதர்கள் தொட்டாற்சுருங்கியாய்ச் சுருங்கிவிடுகிறார்கள் என்று மற்றொரு சாராரும் சொல்வதை ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கிறேன். பொதுப்படப் பேசும்போது இரண்டுமே சரிபோலத் தோன்றும். எனவே பொதுப்படப் பேசுவதை விடுத்து, நடந்த நிகழ்வு ஒன்றனை எடுத்து அதன் உள்ளே சென்று பார்க்கலாம் என எண்ணினேன். இந்நிகழ்வு 2012ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்தது. பள்ளிப் பாடநூலைச் சுற்றி நடந்தமையால் நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது. அதில் தமிழர் பங்கும் உண்டு.

2012 மே 11ஆம் நாள். இந்திய நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடி 60 ஆண்டுகள் நிறைவதைக் கொண்டாட இன்னும் இரண்டே நாட்கள் இருந்தன. அன்று அவை நடக்கவில்லை. காரணம், பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த ஒரு கேலிச்சித்திரம். மக்களவையில் அந்நூலின் படியைக் காட்டிக் கேள்வி எழுப்பியவர் சிதம்பரம் தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவன். கட்சி வேறுபாடின்றிப் பலரும் எழுந்தனர். மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த கபில் சிபல் மன்னிப்புக் கோரினார். படம் நீக்கப்படும் என்றும் அறிவித்தார். பாடநூலின் தலைமை ஆலோசகர்களாகிய யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பொறுப்பிலிருந்து விலகினர். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்சிகரின் அலுவலக அறை அடித்து நொறுக்கப்பட்டது.

அப்படம் புதியதன்று. 1949ஆம் ஆண்டு வரையப்பட்டது. பாடநூலும் 2006 முதல் வகுப்பறைகளில் புழங்கி வந்ததுதான். ஆறு ஆண்டுகள் யாரும் பேசாத படம் ஒரே நாளில் தீப்பற்றியது எப்படி என்பதை அறிய, முதலில் படத்தைப் பார்க்க வேண்டும்.

வரைந்தவர் சங்கர். கேரளத்துக் காயங்குளத்தில் 1902இல் பிறந்த கேசவ சங்கர பிள்ளை. இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப் போற்றப்படுபவர். 1932 முதல் இந்துஸ்தான் டைம்ஸ் நாளேட்டில் வரைந்து, 1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்ற சொந்த இதழைத் தொடங்கினார். அதனைத் தொடங்கி வைத்த நேருவையே அதில் ஓயாமல் கேலி செய்தார். (குழந்தை நூல்களை வெளியிடும் டில்லியின் ‘சில்ரன்ஸ் புக் டிரஸ்ட்’ நிறுவனத்தை 1957இல் தொடங்கியவரும் இவரே. உலக நாடுகளின் சிறுவர்களுக்கென ஓவியப் போட்டி நடத்தியவரும் இவர்தாம். நம் பள்ளி நூலகங்களின் பழைய அலமாரியில் தேடினால் அந்நிறுவனத்தின் நூல் ஒன்றாவது அகப்படக் கூடும்.)

அவர் வரைந்த படத்தில் பெரிய நத்தை ஒன்று. அதுதான் இந்திய அரசியலமைப்புச் சட்டம். அதன்மேல் அம்பேத்கர் அமர்ந்து, கையில் சாட்டையுடன் அதனை ஓட்ட முயல்கிறார். அவருக்குப் பின்னே நேரு, அவரும் சாட்டையை ஓங்கியபடி. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். சட்டம் எழுதுகிறோம் என்று உட்கார்ந்தவர்கள் இவ்வளவு காலம் இழுத்தடிக்கிறார்களே என்பதுதான் கேலி. அவ்வளவே படம்.

பாடநூல் இதனைச் சும்மா அலங்காரத்துக்காக வைக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவுக்குப் பின் வந்த நூல்களில் அரசியல் நூல்கள் தனிச் சிறப்புடையவை. மனனம் செய்து ஒப்புவிக்கும் பாடத்தைச் சிந்திக்கும் பாடமாக மாற்ற விரும்பிய ஆசிரியர்கள், பக்க ஓரங்களில் உன்னி, முன்னி என்ற இரு சித்திரச் சிறுவர்களை நிறுத்தி, அவர்கள் வாயிலாகக் குறும்புக் கேள்விகள் கேட்க வைத்தனர். நத்தைப் படத்தின் அடியிலும் ஒரு வினா இருந்தது. சட்டத்தை ஆக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆனதைத்தான் ஓவியர் குறிக்கிறாரா, ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பது அதன் பொருள். நல்ல வினா. நான் அந்நூலின் ஆசிரியர் குழுவில் இருந்திருந்தால் அவ்வினாவை நீக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்படியாயின் புண்பட்டவர்கள் எதனைக் கண்டு புண்பட்டார்கள்? ‘படத்தைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள்’ என்று அவர்களை எளிதாக ஒதுக்கியோர் பலர். நான் அவ்வாறு ஒதுக்க மாட்டேன். சாட்டை நத்தையின் மேல் விழப் போகிறதா, நத்தையின் மேல் இருப்பவரின் மேல் விழப் போகிறதா? படத்தில் நேரு நிற்பது அம்பேத்கருக்குப் பின்னால். ஓவியர் நத்தையைத்தான் எண்ணியிருப்பார். ஆயினும் ஓங்கிய சாட்டைக்கும் நத்தைக்கும் இடையில் அமர்ந்திருப்பவர் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர். பின்னால் நிற்பவர் காசுமீரப் பிராமணர். சுற்றி நின்று பார்ப்பது ஒரு கூட்டம். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் தலித் உழவுத் தொழிலாளர்களுக்குத் தண்டனையாகச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுக்கப்பட்டதைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சாட்டை என்பது ஓவியக் குறியீடாக மட்டும் தெரியுமா? நம் நாட்டிலும் தோட்டத்துக் கங்காணியின் பிரம்பைப் பற்றிப் பேசும்போது முதியவர்களின் குரல் மாறுவதைக் கேட்டவன் நான்.

வகுப்பறை என்பது வேறொரு சிக்கல். செய்தித்தாளில் வரும் படத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். பாடநூலில் உள்ள படத்தை நாற்பது பேரோடு அமர்ந்து பார்த்தே ஆக வேண்டும். அந்த நாற்பதில் ஒருவனோ ஒருத்தியோ மட்டும் அம்பேத்கர் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்திருந்து, மற்ற முப்பத்தொன்பது பேரும் சிரித்தால்? அந்தச் சிரிப்பு எதைப் பார்த்து எழுந்தது என்பதை அப்பிள்ளை எப்படிப் பிரித்தறியும்?

இதை எழுதும்போது சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுத்தாளில் கண்ட படம் நினைவுக்கு வருகிறது. ‘படத்தைப் பார்த்துக் கதை எழுதுக’ என்ற பகுதியில் பருத்த சிறுவன் ஒருவன் அமர, நாற்காலி உடைகிறது; சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர். அச்சிறுவனுக்கு ஒரு பெயரும் சூட்டப்பட்டிருந்தது. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து எங்கள் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு அதுவே பட்டப்பெயர் ஆயிற்று. ஆண்டு முடியும் வரை போகவில்லை. தாயார் வந்து முறையிட்டபோது, “இதற்கெல்லாமா கோபித்துக்கொள்வது” என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. சொன்னவர் மெலிந்த உடல்வாகு உடையவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மீண்டும் 1949க்கு வருவோம். இந்த விவாதத்தின்போது யாரும் போதிய அளவு பேசாத ஒன்று உண்டு. கேலி செய்யப்பட்டவரே அக்கேலிக்கு விடை சொல்லியிருக்கிறார்.

படம் வெளிவந்த அதே ஆண்டு நவம்பர் 25. அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரின் நிறைவுரை. ‘முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் நுழைகிறோம்’ என்ற கருத்துக்காக எல்லாரும் மேற்கோள் காட்டும் உரை அது. அதன் தொடக்கப் பகுதியை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. கணக்கு நிறைந்த பகுதி என்பதால் போலும். எனக்கோ அதுதான் பிடித்த பகுதி. சபை முதலில் கூடியது 1946 டிசம்பர் 9. இன்றோடு 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள் ஆகின்றன என்று தொடங்குகிறார். 11 கூட்டத் தொடர்கள். 165 அமர்வு நாட்கள். அவற்றுள் 114 நாட்கள் சட்ட வரைவை ஆய்வதற்குச் செலவாயின. வரைவுக் குழு தனியே 141 நாட்கள் கூடியது. வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. சபையில் உண்மையாகவே முன்மொழியப்பட்டவை 2,473.

அடுத்து, காலம் கடத்திவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறார். அமெரிக்கர்கள் நான்கு மாதத்தில் முடித்தார்கள் என்கிறீர்களே, உண்மைதான். கனடாவுக்கு 2 ஆண்டு 5 மாதம், ஆஸ்திரேலியாவுக்கு 9 ஆண்டு, தென்னாப்பிரிக்காவுக்கு 1 ஆண்டு. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் எத்தனை உறுப்புகள்? 7. நம்முடையதில் 395. அவர்களுக்கோ திருத்தம் என்ற தொல்லையே கிடையாது. இப்படியே போகிறது அந்த விடை. ஒரு நல்ல கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் படிப்படியாகப் போட்டுக் காட்டுவது போல இருக்கும்.

அந்த அவையிலேயே அவரை நோக்கி ஒரு சிலேடையும் வீசப்பட்டிருந்தது. நசிருதீன் அகமது என்ற உறுப்பினர், ‘ட்ராஃப்டிங் கமிட்டி’ ஆகிய வரைவுக் குழுவை ‘ட்ரிஃப்டிங் கமிட்டி’ என்று அழைத்தார். திசையின்றி நீரில் மிதந்து போகும் குழு என்று பொருள். அம்பேத்கர் அதனால் சினம் கொள்ளவில்லை. அதனை அப்படியே ஏற்று மடக்கினார். ஆம், மிதந்தோம், ஆனால் எங்கே போகிறோம் என்று தெரிந்தே மிதந்தோம், ஏதேனும் மீன் சிக்காதா என்று கண்டபடி தூண்டில் போடவில்லை, எந்த மீன் வேண்டுமோ அது இருக்கும் நீரில்தான் தேடினோம். அவர் விடையின் சாரம் இது.

இன்னொரு செய்தியையும் இதனோடு சேர்க்க வேண்டும். 1948 நவம்பர் 5இல், சென்னையிலிருந்து சென்ற உறுப்பினரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே சபையில் ஒரு கணக்குச் சொன்னார். வரைவுக் குழுவுக்கு நியமிக்கப்பட்டவர்கள் எழுவர். ஒருவர் விலகினார். ஒருவர் இறந்தார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஒருவர் அரசு வேலைகளில் மூழ்கியிருந்தார். ஓரிருவர் டில்லிக்கு வெகு தொலைவில் இருந்தனர். முடிவில் சுமை முழுவதும் அம்பேத்கர் ஒருவர் தோளில் விழுந்தது என்றார்.

இதை அறிந்த பின் நத்தைப் படத்தைப் பாருங்கள். எழுவர் ஏற வேண்டிய வண்டியை ஒருவரே ஓட்டியிருக்கிறார். ஊரார் சுற்றி நின்று ‘வேகம் போதாது’ என்கின்றனர். படம் இப்போது யாரைக் கேலி செய்கிறது? அந்தப் பக்கத்தின் எதிரே 7,635 என்ற எண்ணையும், டி.டி.கே.யின் கணக்கையும், மீன் உவமையையும் வைத்திருந்தால், ‘ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று’ என்ற வினாவுக்கு வகுப்பில் எழும் விடையே வேறாக இருந்திருக்கும். சிரித்த முப்பத்தொன்பது பேரும் அமைதியாகி, அந்த ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும் வகுப்பாக அது அமைந்திருக்கும்.

2012 மே மாதத்தில் இச்செய்தியைப் படித்தபோது மலேசியாவில் நாமும் சும்மா இருக்கவில்லை. ‘இண்டர்லோக்’ நாவல் விவாதம் அப்போதுதான் அடங்கியிருந்தது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா உசேன் எழுதி 1971இல் வெளிவந்த அந்நாவல் 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடமானதும், இந்தியத் தொழிலாளர்களைக் குறிக்க அதில் ஆளப்பட்ட சாதிச்சொல்லை எதிர்த்து நம் சமூகம் கொதித்ததும், அந்த ஆண்டு இறுதியிலேயே நூல் மீட்டுக்கொள்ளப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. ‘இந்தியர்கள் தொட்டாற்சுருங்கிகள்’ என்று அன்று நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். நமக்கு வலித்தது. ஆகவே இன்னொருவரைப் பார்த்து அச்சொல்லைச் சொல்லும் முன் நாம் இருமுறை எண்ண வேண்டியவர்கள். (அந்த எதிர்ப்பிலும் ஒரு நெருடல் இருந்தது. ஒரு மக்களை இழிவாகப் பேசுகிறதே என்று கோபித்தவர்களோடு, ‘எங்களைப் போய் அந்தச் சாதியில் சேர்ப்பதா’ என்று கோபித்தவர்களும் இருந்தார்கள். பின்னவர்களின் கோபம் அந்தச் சொல்லை விட எனக்கு அதிகம் சங்கடம் தந்தது.)

நத்தைப் படச் சூடு தணியும் முன்பே, 2012 சூன் மாதம், அதே வரிசைப் பாடநூல்களில் இன்னொரு படம் கிளம்பியது. இம்முறை தமிழ்நாட்டில். பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த ஆர்.கே. லட்சுமணின் கேலிச்சித்திரம் அது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றியது. கையில் கல்லோடு ஒரு மாணவன். இந்தி திணிக்கப்படாது, ஆங்கிலம் நீடிக்கும் என்னும் உறுதிமொழிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அவன் கண்முன்னே உள்ளன. இந்தப் பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியவில்லையே என்பது கீழே இருந்த குறிப்பின் கருத்து.

கருணாநிதி, ஜெயலலிதா, வைகோ ஆகிய மூவரும் ஒரே கருத்தைச் சொல்வது அரிது. இப்படத்தை நீக்க வேண்டும் என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர். எனக்குத் தெரிந்த தமிழன்பர்களில் சிலர், ‘அம்பேத்கர் படத்தில் என்ன குற்றம் கண்டார்களோ’ என்று மே மாதத்தில் சலித்துக்கொண்டவர்கள். சூன் மாதத்தில் அவர்களுக்கே முகம் சிவந்தது. நான் அதைக் கண்டு நகைத்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் படம் எனக்கும் கசந்தது.

ஏன் கசந்தது என்று ஆராய்ந்தால்தான் வரலாறு கிடைக்கிறது. இந்தியக் குடியரசு தோன்றிப் பதினைந்து ஆண்டுகள் நிறையும் 1965 சனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்று அரசியலமைப்புச் சட்டம் குறித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 1964 சனவரி 25இல், கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டார். 1965 சனவரி 27இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். அரசுத் தரப்புக் கணக்கிலேயே இறந்தோர் சுமார் 70 பேர். இவ்வளவையும் ‘கல்லெறியும் படிப்பில்லாப் பையன்’ என்று ஒரு சட்டத்துக்குள் அடக்கினால் கசக்கத்தான் செய்யும். லட்சுமண் மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் கசப்பு சற்றுக் கூடலாமே தவிரக் குறையாது.

ஆனால் இந்தப் படத்தின் உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டியிருந்தால் நீக்கக் கேட்டிருக்கவே தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பையனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியவில்லை என்பதல்லவா கேலி? 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டம், 1965க்குப் பின்னும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’ என்றது. ஆங்கிலத்தில் ‘மே’. தி.மு.க.வினர் பிடித்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். ‘லாம்’ என்றால் பயன்படுத்தாமலும் விடலாம் அல்லவா? ‘ஷேல்’, அதாவது ‘வேண்டும்’ என்று ஏன் எழுதவில்லை? நேருவின் வாய்மொழி உறுதி அவருக்குப் பின் வருவோரை எப்படிக் கட்டுப்படுத்தும்? 1964 மே மாதம் நேரு மறைந்ததும் அந்த ஐயம் கண்முன் வந்து நின்றது. 1967இல் சட்டம் திருத்தப்பட்டு, இந்தி பேசாத மாநிலங்கள் இசையும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி எழுத்தில் ஏறிய பின்னரே ஒருவாறு அமைதி திரும்பியது.

அஃதாவது, அந்தப் போராட்டமே ஓர் ஆங்கிலச் சொல்லை எழுத்தெண்ணிப் படித்ததன் விளைவு. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவன் என்று வரையப்பட்ட பையனின் தரப்பு, வரைந்தவரைக் காட்டிலும் கூர்ந்து படித்திருந்தது. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? வியங்கோள், ஏவல், அனுமதிப் பொருள் என்று மாணவர்க்கு நாம் சொல்லும் ‘லாம்’, ‘வேண்டும்’ வேறுபாட்டுக்காக ஒரு மாநிலம் எரிந்திருக்கிறது. ஓர் ஆட்சி மாறியிருக்கிறது. அப்படத்தின் அருகில் 1963 சட்டத்தின் அந்த ஒரு வரியை வைத்து, ‘இக்கேலி சரியா?’ என்று கேட்டால் போதும். பதினேழு வயது மாணவன் ஓவியரையே பார்த்துச் சிரிப்பான்.

படங்களை நீக்கியதில் புண்பட்ட மக்களின் பங்கு எவ்வளவு, புண்பட்ட தலைவர்களின் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. நத்தைப் படத்துக்காக எழுந்த உறுப்பினர்கள் அதோடு நிற்கவில்லை. பாடநூல்களில் அரசியல்வாதிகளைக் கேலி செய்யும் படங்களே கூடாது என்று பேச்சு வளர்ந்தது. அம்பேத்கரின் பெயரால் திறந்த கதவு வழியே எல்லாரும் உள்ளே நுழையப் பார்த்தனர்.

அதிகாரத்தில் இருப்போர் புண்படுவது எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழ் வாசகர்கள் மறக்கக் கூடாத ஒரு நிகழ்வு 1987இல் நடந்தது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் திருடர்களோடு ஒப்பிட்ட ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் படத்துடன் ஆனந்த விகடன் அட்டையில் வெளியிட்டது. சட்டமன்றத்தின் உரிமை மீறப்பட்டதென்று, பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே விடுவிக்க வேண்டியதாயிற்று. ஆசிரியர் அத்தோடு விடவில்லை. நீதிமன்றம் சென்று, தண்டனை அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பைப் பெற்றார். இழப்பீடாகக் கிடைத்த 1000 ரூபாயைச் சட்டமிட்டு வைத்துக்கொண்டார் என்பர். ஒரு துணுக்குக்காகச் சிறைக்கு அனுப்ப வல்லவர்களின் மனப்புண்ணும், வகுப்பில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளையின் மனப்புண்ணும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது நம் மொழியின் வறுமையா, அல்லது நம் சோம்பலா, தெரியவில்லை.

பாடநூல் படங்களை ஆராயப் பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அவரும் ஒடுக்கப்பட்டோர் கல்விக்காக நெடுங்காலம் உழைத்தவரே. 2012இன் நடுவில் வந்த அறிக்கை பல படங்களை நீக்கப் பரிந்துரைத்தது. லட்சுமணின் படமும் அவற்றுள் ஒன்று. அக்குழுவில் ஒருவர் மட்டும் உடன்படாமல் தனிக்குறிப்பு எழுதினார். அவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். எம்.ஜி.ஆர். என்ற பிம்பத்தைப் பற்றியும், தமிழகத்தின் பிராமணர், பிராமணரல்லாதார் அரசியலைப் பற்றியும் அடிப்படையான நூல்கள் எழுதிய வரலாற்றாசிரியர். திராவிட இயக்கத்தின் வரலாற்றை அக்குழுவில் அவரளவுக்கு அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. மொழிப்போரை இழிவுபடுத்துகிறது என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் அனைத்தும் சொன்ன படம் நூலில் இருக்கட்டும் என்று அந்த ஒரு தமிழர் சொன்னார் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் 2014 நவம்பரில் மறைந்தார்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியன். எட்டு வயதுக் குழந்தைக்கு ஓவியர் யார், எந்த ஆண்டு, எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்றெல்லாம் விளக்கிக் கேலியைத் திருப்பிப் பார்க்க வைக்க இயலாது. அவ்வயதில் உடம்பையோ நிறத்தையோ குடும்பத் தொழிலையோ வைத்துச் சிரிக்கும் படம் என் பயிற்றித்தாளில் இடம்பெறாது. கண்டால் தயங்காமல் அடித்துவிடுவேன். பெற்றோர் அப்படி ஒன்றைக் கண்டு வந்து சொன்னால் நாம் நாற்காலி கொடுத்துக் கேட்க வேண்டும். பதினேழு வயதுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே படத்தைக் கிழிப்பதற்குப் பதில் அதன் எதிர்ப்பக்கத்தை எழுதியிருக்கலாம் என்பதே என் கட்சி. மாறுபடும் நண்பர்கள் இருக்கிறார்கள். குறிப்பாக, ‘எதிர்ப்பக்கத்தை எழுதும் ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் இருப்பாரா?’ என்று கேட்கும் நண்பர் ஒருவருக்கு என்னிடம் முழு விடை இல்லை.

விவாதத்துக்குப் பின் வந்த பதிப்புகளில் நத்தைப் படம் இல்லை. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. இந்தக் கொந்தளிப்பைக் கண்டு, உன்னமதி சியாம சுந்தர் என்ற ஆய்வாளர் பழைய ஆங்கில நாளேடுகளையும் இதழ்களையும் புரட்டத் தொடங்கினார். அவரே கேலிச்சித்திரமும் வரைபவர். 1932 முதல் 1948 வரை அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் அவருக்குக் கிடைத்தன. சங்கரின் படங்களும் அவற்றுள் உண்டு. பெருந்தலைவர்களுக்கு நடுவே அம்பேத்கரைச் சிறு உருவமாக, அடம்பிடிக்கும் குழந்தையாக, காரியத்தைக் கெடுக்க வந்தவராக வரைந்த படங்கள் அவை. 1949இன் நத்தைப் படம் தனியே வந்து விழவில்லை. பதினேழு ஆண்டு வழக்கத்தின் தொடர்ச்சியாக வந்தது. 2012இல் கோபித்தவர்களிடம் இந்தச் சான்று கையில் இல்லை. ஆயினும் அவர்களுடைய உணர்வு வெறுங்கற்பனை இல்லை என்பது இப்போது தெரிகிறது.

சியாம சுந்தர் அப்படங்களை எரிக்கச் சொல்லவில்லை. அவற்றைத் தொகுத்து, பின்னணியில் நடந்தது இன்னது, அம்பேத்கர் அப்போது செய்துகொண்டிருந்தது இன்னது என்று குறிப்புகள் எழுதி, 2019இல் நவயானா பதிப்பகத்தின் வழி நூலாக வெளியிட்டார். ‘நோ லாஃபிங் மேட்டர்’ என்பது நூலின் பெயர். ஆங்கிலம் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்